ஏழாவது பாத்தியில் பாதிச் செடி

ஜூன் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கீங்க? இடுப்பு வலி பரவாயில்லையா?

இந்தப் பார்சலில் சோயா விதை, உரப் பொட்டலங்கள், புதுத் தாள் மூணும் இருக்கு. பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். போன வாரம் கோர்ட்டில் தீர்ப்பு சொல்லிட்டாங்க. பத்து நிமிஷம்கூட ஆகலை. வெளியே வந்து நானும் உங்க பையனும் ஆளுக்கு ஒரு பக்கமா பஸ் ஏறினோம். சண்டையில்லை, சத்தமில்லை. இனிமே சட்டப்படி நான் உங்க மருமகள் இல்லை.

ஆனா இந்தச் சோதனை மூணு பருவத்துக்குன்னு பேசி ஆரம்பிச்சது. ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. நீங்க வேண்டாம்னு சொன்னா எங்க ஆய்வுக்கூடம் வேற நிலம் பார்த்துக்கும், நானும் வருத்தப்படமாட்டேன். (பொய். ரொம்ப வருத்தப்படுவேன்.) தொடரலாம்னா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, இந்தத் தடவை நான் அங்கே வரமாட்டேன். எந்த உரிமையில் உங்க வீட்டில் வந்து தட்டுப் போட்டு உட்காருவேன்? எல்லாத்தையும் நீங்களே அளந்து எழுதி அனுப்புங்க. ரெண்டு, அவரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. நானும் கேட்கமாட்டேன்.

வேலை பழையபடிதான். இருபத்தேழு பாத்தி. செடிக்குச் செடி அஞ்சு, பத்து, பதினஞ்சு சென்டிமீட்டர்னு மூணு இடைவெளி. உரமே இல்லாதது, பாதி உரம், முழு உரம்னு மூணு விதம். ஒவ்வொரு சேர்க்கையும் மூணு பாத்தியில் வரும். நெருக்கமா விதைச்சிடுங்க, முளைச்சதும் தாளில் உள்ள இடைவெளிக்குச் செடியைப் பிடுங்கிக் கலைச்சு விடுங்க. எந்தப் பாத்திக்கு எதுன்னு புதுசா சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கேன். அதனால போன வருஷத் தாள் இனிமே செல்லாது.

மருமகள்னு கையெழுத்துப் போட வரலை. அதனால,
மண் ஆய்வுக்காரி


ஜூன் 19

மண்ணுக்காரிக்கு மாமா எழுதிக்கொள்வது,

பார்சல் வந்துச்சு. விதை வந்த சந்தோஷத்தைக் கடிதம் கெடுத்திடுச்சு.

இதோ பாரு, நீயும் அவனும் பிரிஞ்சது உங்க ரெண்டு பேர் விஷயம். அதுல நான் மூக்கை நுழைக்கலை. ஆனா நீ வரமாட்டேன்னு எழுதினது என் விஷயம், எனக்கு அது பிடிக்கலை. சொல்லிட்டேன். உன் அத்தை ரெண்டு நாளா யாரோடயும் பேசலை. பாத்திரத்தோட மட்டும் பேசுறா, அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி.

நிலம் உனக்குத்தான். வேற நிலமாம், வேற நிலம்! இந்த மண்ணு மாதிரி உனக்குக் கேள்வி கேக்குற மண்ணு எங்க கிடைக்கும்? விதை போட்டாச்சு. முளைக்குச்சியில நம்பர் எழுதி அடிச்சாச்சு. அவனைப் பத்தி எழுதமாட்டேன். போதுமா?

மாமா


ஜூலை 28

மண்ணுக்காரிக்கு,

செடி கலைச்சாச்சு. எல்லாப் பாத்தியும் உன் தாள்படி. பூவும் வந்திடுச்சு, ஊதாவா சின்னச் சின்னதா. நீ வந்திருந்தா பார்த்திருப்பே.

ஒரு சந்தேகம். ஓரத்துல நின்ன செடி நாலைஞ்சைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன். உரமே போடாத பாத்தியில வேர் பூரா உருண்டை உருண்டையா முடிச்சு. ஒரே செடியில முப்பத்தெட்டு எண்ணினேன். முழு உரம் போட்ட பாத்தியில தேடோ தேடுன்னு தேடி ஆறுதான் கிடைச்சுது. ஒரு முடிச்சை நகத்தால கிள்ளினா உள்ளே ரோஸ் கலர்! உன் அத்தை அது வியாதின்னு சொல்லி மருந்து வாங்கக் கிளம்பிட்டா. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். வியாதியா இல்லையா, சீக்கிரம் எழுது. இங்க வீட்டுல கட்சி ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு.

மாமா


ஆகஸ்ட் 6

அன்புள்ள மாமா,

அத்தை மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். அது வியாதியே இல்லை. அந்த முடிச்சுக்குள்ளே கிருமி இருக்கு, நல்ல கிருமி. காத்தில் இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அதுக்குச் சாப்பாடு போடும். ரோஸா இருந்தா அது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நாம யூரியாவைக் கொண்டுபோய்க் கொட்டினா, செடிக்குச் சும்மாவே கிடைச்சிடுது. அப்புறம் அது எதுக்கு இன்னொருத்தருக்குச் சோறு போடணும்?

முப்பத்தெட்டும் ஆறும்னு நீங்க எழுதினதை ஆய்வுக்கூடத்தில் எல்லார்கிட்டயும் காட்டினேன். முடிச்சை எண்ணச் சொல்லி நான் கேட்கவே இல்லை, நீங்களா எண்ணியிருக்கீங்க. இப்போ எனக்குப் பேராசை வந்திடுச்சு. பாதி உரப் பாத்தியில் எத்தனை?

ஊதாப் பூ பத்தி எழுதினது வேணும்னே எழுதினதுதானே? தெரியும்.

மண் ஆய்வுக்காரி


அக்டோபர் 10

மண்ணுக்காரிக்கு,

பாதி உரத்துல இருபத்தொண்ணு. இதைச் சொல்ல மறந்தே போச்சு.

அறுவடை முடிஞ்சுது. நீ சொன்னபடி ரெண்டு ஓர வரிசையைத் தள்ளிட்டு, நடு ஆறு வரிசையை மட்டும் அடித்தட்டையை மண்ணுல விட்டு அறுத்து, காயவச்சு, அடிச்சு எடை போட்டிருக்கேன். பாத்திக்குப் பத்துச் செடி முழுசா எடுத்துக் கட்டி நம்பர் போட்டு அனுப்பியிருக்கேன். எல்லா நம்பரும் தனித் தாள்ல இருக்கு. அஞ்சு சென்டிமீட்டர், முழு உரம் இதை மட்டும் இங்கயும் எழுதுறேன், ஏன்னா அதுலதான் மகசூல் அள்ளும்னு நான் உன்கிட்ட பந்தயம் கட்டினேன்.

ஏழாவது பாத்தி: செடி 598, எடை மூணு கிலோ நாப்பது கிராம்.
பதினாலு: செடி 602, மூணு கிலோ நூறு.
இருபத்திரண்டு: செடி 595, மூணு கிலோ அறுபது.

பந்தயம் தோத்துட்டேன். பத்து சென்டிமீட்டர், பாதி உரம் போட்டதே இதுக்குச் சமமா வந்திருக்கு. அதோட இந்தப் பதினாலும் இருபத்திரண்டும் காத்துக்குச் சாஞ்சு பாய் விரிச்ச மாதிரி படுத்திடுச்சு, அறுக்கக் குனிஞ்சு குனிஞ்சு உயிர் போச்சு. ஏழு மட்டும் நிமிர்ந்து நின்னுச்சு, நல்ல பிள்ளை.

மாமா


நவம்பர் 2

அன்புள்ள மாமா,

மூணு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலை. காரணம் உங்க நல்ல பிள்ளை ஏழாவது பாத்திதான்.

நீங்க அனுப்பின செடிகளில் காய் எண்ணினேன். பதினாலிலும் இருபத்திரண்டிலும் செடிக்குச் சராசரி இருபத்துநாலு காய். கிளையே கிடையாது, குச்சி மாதிரி நிக்குது. ஏழாவது பாத்திச் செடியில் நாலு கிளை, நாப்பத்தாறு காய்! அதே உரம், அதே இடைவெளி, பத்தடி தள்ளி இருக்கிற பாத்தி. எப்படி?

இருங்க, இன்னும் இருக்கு. 598 செடி, ஒவ்வொண்ணிலும் நாப்பத்தாறு காய், காய்க்கு ரெண்டு விதை. நூறு விதை பதினோரு கிராம். பெருக்கிப் பார்த்தா ஆறு கிலோ வரணும். நீங்க எழுதின எடை மூணு கிலோ. பாதி விளைச்சல் எங்கே மாமா போச்சு? இல்லைன்னா பாதிச் செடி எங்கே போச்சு?

யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு இது தெரியாம இருப்புக் கொள்ளலை.

மண் ஆய்வுக்காரி


நவம்பர் 9

மண்ணுக்காரிக்கு,

எலி.

இந்த வருஷம் எலித் தொல்லை ஜாஸ்தி. களத்துல காயவச்சப்போ ஏழாவது குவியல்ல புகுந்திருக்கும். வேற ஒண்ணுமில்லை. இதுக்குப் போயா சாப்பிடாம இருக்கே? நல்லாச் சாப்பிடு.

மாமா


நவம்பர் 15

அன்புள்ள மாமா,

எலி மூணு கிலோ சோயாவைத் தின்னிருந்தா அது இப்போ உங்க வீட்டுக் கதவுக்குள்ளே நுழைய முடியாது. அதுவும் இருபத்தேழு குவியலில் ஏழாவதை மட்டும் நம்பர் படிச்சுப் பார்த்துத் தின்னுச்சா? சரி, தின்னுச்சுன்னே வைங்க. கிளை எப்படி வந்துச்சு? எலி வந்து கிளை ஒட்டிட்டுப் போச்சா?

ஒரே ஒரு வேலை செய்யுங்க. அறுத்த தட்டை இன்னும் மண்ணில் நிக்குமே. ஏழாவது பாத்தியில் ஒரு வரிசையை எண்ணுங்க. அஞ்சு மீட்டர் வரிசையில் நூறு தட்டை இருக்கணும். எத்தனை இருக்குன்னு எழுதுங்க.

மண் ஆய்வுக்காரி


நவம்பர் 21

மண்ணுக்காரிக்கு,

நிலத்தை உழுதுட்டேன். தட்டை எதுவும் இல்லை. ஒரு பாத்தியை விட்டுத் தள்ளு, மீதி இருபத்தாறு இருக்கே.

மாமா

அத்தை எழுதுறேன். உன் மாமா கடிதத்தை மடிச்சு வச்சிட்டுக் குளிக்கப் போயிருக்கார். உழவும் இல்லை ஒண்ணும் இல்லை. தட்டையெல்லாம் அப்படியே நிக்குது. நானே போய் எண்ணிட்டு வந்தேன், ஒரு வரிசையில அம்பது. எனக்குக் காரணமும் தெரியும், ஆனா அதை அவர் வாயாலதான் நீ கேக்கணும். முடிச்சு விஷயத்துல நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கிறேன்.


நவம்பர் 26

மாமா,

அம்பதாம். அத்தை எண்ணிட்டாங்க.

இப்போ சொல்லுங்க.


டிசம்பர் 1

அம்மாடி,

நம்ம வீட்டுலயே உளவாளி இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

சொல்றேன். செடி கலைக்கிற அன்னைக்கு ஆறாவது பாத்தி முடிச்சு நிமிர்ந்தேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து கட்டில்ல போட்டாங்க. உன் அத்தை பயந்து போய் அவனுக்குப் போன் பண்ணிட்டா. டவுன்ல ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்த லிஃப்டைப் பாதியில கழட்டிப் போட்டது போட்டபடி விட்டுட்டு அன்னைக்கே கிளம்பி வந்துட்டான்.

மறுநாள் காலையில என்கிட்ட சொல்லாமலே வயலுக்குப் போயிருக்கான். செடி வளந்துட்டா கலைக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். உன் புதுத் தாள் என் சட்டைப் பையில, சட்டை என் மேல. அவன்கிட்ட போன வருஷத் தாள் இருந்துச்சு, உன் கையெழுத்துல எழுதினது. அதுல ஏழாவது பாத்தி பத்து சென்டிமீட்டர். அதைப் பார்த்துக் கலைச்சிருக்கான். நான் தடி ஊனிக்கிட்டுப் போய்ச் சத்தம் போடுறதுக்குள்ள ஏழு முடிஞ்சிடுச்சு. மீதியைப் புதுத் தாள்படி நான் சொல்லச் சொல்ல அவன்தான் செஞ்சான். நாலு நாள் இருந்துட்டுப் போயிட்டான்.

அந்தத் தாள் அவன் பையில ஏன் இருந்துச்சுன்னு நான் கேக்கலை. நீயும் கேக்காதே.

ஏன் மறைச்சேன்னா, அவன் இங்க வந்து போறான்னு தெரிஞ்சா நீ அடுத்த பருவத்துக்கும் வரமாட்டேன்னு பயந்தேன். அவனைப் பத்தி எழுதக் கூடாதுன்னும் சொல்லியிருந்தே. அதான் 598ன்னு ஒரு நம்பரை நானே போட்டேன். அறுநூறுன்னு போட்டா நம்பமாட்டேன்னுதான் ரெண்டு குறைச்சேன். உன்கிட்ட இப்படி ஒரு பொய் சொன்னதுல எனக்கு வெக்கமா இருக்கு.

நீ வராத வீட்டுல உன் நம்பர் மட்டும் போய் வந்துக்கிட்டு இருக்கு. அதுவும் நின்னுடுமோன்னுதான் பயம்.

மாமா


டிசம்பர் 8

அன்புள்ள மாமா,

கோபம் இருக்கு. அவர் வந்ததுக்கு இல்லை. அப்பாவுக்கு முடியலைன்னா பிள்ளை வரத்தான் செய்வார், வரலைன்னாதான் தப்பு. கோபம் அந்த 598 மேலே. அதிலும் ரெண்டு குறைச்சுப் போட்டீங்க பாருங்க, அதுதான் ஆறமாட்டேங்குது. உங்க நம்பரை நம்பி நான் அறிக்கை எழுதி அனுப்பியிருந்தா? அதைப் படிச்சு நூறு பேர் விதை வாங்கியிருந்தா? நீங்க எண்ணினா அது சரியா இருக்கும்னு ஆய்வுக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கேன் மாமா. இனிமே இப்படிச் செய்யாதீங்க. செஞ்சா நிஜமாவே வேற நிலம் பார்த்துடுவேன்.

சரி, திட்டி முடிச்சாச்சு. இடுப்பு இப்போ எப்படி இருக்கு? இவ்வளவு நடந்திருக்கு, ஒரு வார்த்தை எழுதலை.

இப்போ ஏழாவது பாத்தி. தப்பா நடந்திருந்தாலும் அதில் ஒரு அதிசயம் இருக்கு. பாதிச் செடியைப் பிடுங்கின பிறகும் எடை குறையலை! இடம் கிடைச்சதும் மிச்சச் செடி கிளை விட்டு இரட்டிப்புக் காய் காய்ச்சிருக்கு, சாயவும் இல்லை. பத்து சென்டிமீட்டர் பாத்திகளும் இதைத்தான் சொல்லுது. ஆனா இதை முழு உரம் போட்ட நாலாவது பத்து சென்டிமீட்டர் பாத்தின்னு கணக்கில் சேர்க்கணும்னா, ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். அவர் எந்தச் செடியைப் பிடுங்கினார்? நோஞ்சானாப் பார்த்துப் பிடுங்கிட்டு நல்லதை மட்டும் விட்டாரா? அப்படின்னா நிறையக் காய்ச்சதில் ஆச்சரியமே இல்லை, இந்தப் பாத்தியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இல்லை அளவு டேப் வச்சு, நல்லது கெட்டது பார்க்காம, டேப் குறிக்குப் பக்கத்தில் நின்னதை விட்டாரா?

மண் ஆய்வுக்காரி


டிசம்பர் 14

அம்மாடி,

இடுப்பு பரவாயில்லை. நீ திட்டினதுல பாதி சரியாப் போச்சு.

அவன் எதைப் பிடுங்கினான்னு எனக்குத் தெரியலை. நான் போனப்போ பிடுங்கினதெல்லாம் வரப்புல வாடிக் கிடந்துச்சு. என் பையனாச்சே, கை தன்னால நோஞ்சானைத் தேடித்தான் போயிருக்கும். நான் வேணா போன்ல கேட்டு எழுதட்டுமா?

மாமா


டிசம்பர் 19

மாமா,

வேண்டாம். நீங்க கேட்டா எனக்குப் பிடிச்ச பதிலாப் பார்த்து எழுதிடுவீங்க. நானே கேட்கிறேன். விலாசம் மட்டும் அனுப்புங்க.

மண் ஆய்வுக்காரி


டிசம்பர் 27

வணக்கம்.

இந்தக் கடிதம் ஏழாவது பாத்தியைப் பத்தி மட்டும். உங்க அப்பா எல்லாம் சொல்லிட்டார். தப்பு நடந்ததுக்காக எழுதலை.

செடி கலைச்சப்போ எதை வச்சு முடிவு பண்ணினீங்க? கண்ணா, டேப்பா? ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னு எழுதுங்க. எனக்காக நல்ல பதில் எழுத வேண்டாம்.


ஜனவரி 4

டேப்.

உன் தாளில் நாலாவது வரி, 'குறிக்குப் பக்கத்தில் நிற்பதை விடவும், செடியின் அழகைப் பார்க்க வேண்டாம்.' அப்படியே செஞ்சேன். நல்லா வளந்த செடி நிறைய அன்னைக்குப் போச்சு. பிடுங்கும்போது மனசு கேக்கலை, ஆனா உன் தாளில் மனசைப் பத்தி எதுவும் எழுதலை. வருஷத்தைப் பார்க்காம விட்டதுதான் என் தப்பு. லிஃப்ட் வேலையில் இந்தத் தப்பு செஞ்சா ஆள் செத்துடும்.

அப்பாவைத் திட்டாதே. முதல் பருவத்தில் நீ வரப்பில் உக்காந்து காய் எண்ணின இடத்தில் இப்போ அவர் போய் உக்காந்துக்கிறார். அம்மா சொன்னாங்க.

நீ அங்கே போறதா இருந்தா தேதி சொல்லு. அந்த நாட்களில் நான் போகமாட்டேன்.


ஜனவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

டேப்தானாம். உங்க பையன் கை உங்க கை மாதிரி இல்லை. ஏழாவது பாத்தி செல்லும்.

அவர் எழுதின கடிதத்தை நாலு தடவை படிச்சேன். அழுதேன், அதையும் உங்ககிட்ட மறைக்கலை. அத்தை இதை வச்சு வேற கணக்குப் போட வேண்டாம்னு சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் திரும்பச் சேரப் போறதில்லை. ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் இவ்வளவு ஒழுங்காப் படிக்கிறவங்க, ஒரு வீட்டுக்குள்ளே இருந்தப்போ பேசினதைக் காதில் வாங்கவே இல்லை. அது எனக்கு இன்னும் புரியலை. அதுக்குச் சோதனை போட நிலமும் இல்லை.

எனக்காக அவர் உங்களைப் பார்க்க வராம இருக்க வேண்டாம், அப்படியே அவருக்கு எழுதிட்டேன். மூணாவது பருவத்துக்கு விதைக்கும்போது நான் வர்றேன். நாலு நாள் தங்குவேன். அவர் வந்தா வரட்டும், இன்னொரு டேப்பும் எடுத்துட்டு வரட்டும். இந்த ஏழு மாசமா உங்க வீட்டுக்கு வராம இருந்தது எனக்கு நல்லாவே இல்லை மாமா.

நேத்து அறிக்கையை முடிச்சேன். ஒவ்வொரு பாத்திக்கும் யார் எந்த வேலை செஞ்சாங்கன்னு எழுத ஒரு கட்டம் உண்டு. பண்ணை ஆள், கூலி ஆள், ஆய்வுக்கூட ஊழியர், இப்படி ஏதாவது எழுதணும். 'ஏழாவது பாத்தி, செடி கலைத்தவர்' என்ற கட்டத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் பேனாவைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். விவசாயியின் மகன்னு எழுதலாம். என் முன்னாள் கணவர்னு எழுத முடியாது. கடைசியில் 'வீட்டு ஆள்'னு எழுதினேன்.

அடுத்த கட்டம் 'காய் எண்ணியவர்'. அது நான்தான். முதல் பருவ அறிக்கையில் அங்கே ஆய்வுக்கூட ஊழியர்னு எழுதியிருந்தேன். இந்தத் தடவை அதிலும் 'வீட்டு ஆள்'னு எழுதிட்டேன். மேலதிகாரி பார்த்துட்டு, இது யாரு, விளக்கம் எழுதுன்னு பக்கத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கார். விளக்கத்தை நீங்கதான் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பணும்.

உங்கள்
மருமகள்